வெள்ளை பிளக்

ஏப்ரல் 17, வியாழன்

புகார்: சத்தம்.
பொருள்: என் மகள் வினோதினியின் கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் மேல் அவள் தனியாக வாங்கி மாட்டிய கூலர். சத்தம் அந்தக் கூலர் ஃபேனில்.
சோதித்தவர்: அர்த்தநாரி, ஓய்வு.

முப்பத்தொரு வருஷம் பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெஞ்ச் ரிஜிஸ்டர் எழுதிய கைக்கு வேறு மாதிரி எழுத வராது. மார்ச் 31ஆம் தேதி சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் இந்த டைரியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் ஓடுகிறது. டைரி சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

தினமும் மத்தியானம் மூன்றரை மணிக்கு என் வீட்டுக்காரி மயிலாத்தாள் சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடுகிறாள். நாலரைக்கு நிறுத்துகிறாள். இருபது மாதமாகப் பழைய துப்பட்டா போர்த்திக் கிடந்த பெட்டி அது. நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஓடுகிறது. எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா கெடந்தா ஜாமாயிருமுங்க. தெனமும் ஒரு மணி நேரம் ஓட்டி வெக்கோணும்."

அது வாஸ்தவம். ஆறு மாதம் ஓட்டாமல் கிணற்றில் விட்ட மோட்டார் எத்தனை ஜாமாகி என் பெஞ்சுக்கு வந்திருக்கிறது! முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியதில் இந்த ஒரு பாடமாவது மண்டையில் ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அந்தச் சத்தம்! கதவு சாத்தியிருந்தும் ஹாலில் உட்கார்ந்து ஒரு பேப்பர் படிக்க முடியவில்லை. "ஊஊ" என்று ஒரே இரைச்சல். இதில் பாதி சத்தம் போட்ட பம்பையெல்லாம் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஓட விட்டு, ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கூலரில் வைத்துப் பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டேன். கம்பெனியில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வித்தை இது. மீட்டரெல்லாம் அப்புறம்தான். பேரிங் போயிருந்தால் உள்ளே ஜல்லி உருளும். புஷ் தேய்ந்திருந்தால் முனகும்.

இதில் ஒன்றும் இல்லை. பேரிங் சுத்தமாக ஓடுகிறது.

மயிலா வாசற்படியில் நின்று, "அதைப் போயி ஏனுங்க நோண்டிட்டு? எனக்குச் சத்தம் பழகிப் போச்சு," என்றாள்.

"உனக்குப் பழகிருச்சு. எனக்குப் பழகோணுமல்ல?"

மறுபடி கேட்டேன். சுத்தம். என் காதின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அறுபது வயசு.

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்தக் கூலர் எப்போதும் இப்படி இல்லை. வினு வீட்டிலிருந்தே கார்ட்டூன் படத்துக்கு உருவம் செய்யும் வேலை பார்த்தாள். கார்டு கொதிக்கிறது என்று இதை வரவழைத்து, விளக்கத்தாளை வரி விடாமல் படித்து, தானே மாட்டினாள். மாட்டிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"காத வெச்சுக் கேளுங்கப்பா. ஓடுதா இல்லையா?"

ஓடுகிறது என்று கையை வைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். அப்படி ஒரு அமைதி. எனக்கே பெருமையாக இருந்தது.

பத்து மாதம் கழித்து ஒரு நாள் இரைச்சல் ஆரம்பித்தது. நான் ஹாலிலிருந்தபடியே, "வினு, பேரிங் போயிருச்சு சாமி!" என்று குரல் கொடுத்தேன். "ஆமாங்கப்பா, பேரிங்தான் போல. நானே பாத்துக்கறேன்," என்றாள். பார்க்கவே இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் அந்த இரைச்சலோடுதான் இருந்தாள். நான் கழற்றப் போனாலும் விடவில்லை. என்னைப் போலவே பிடிவாதம்.

அவளைப் பற்றி எழுத இந்த டைரியை எடுக்கவில்லை. ஃபேனைப் பற்றித்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் நடேசனிடம் ப்ளோயர் வாங்கி வந்து தூசி அடித்தேன். ஒரு முறம் தூசி. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். சத்தம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

ஃபேன் தண்டில் நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருந்தது. குறடால் மெதுவாக எடுத்தேன். குப்பையில் போடக் கை வரவில்லை. இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சைக்கிள் டியூப் வெட்டி வாஷர் போட்டேன். அதிர்வு நின்றது. இரைச்சல் அப்படியே.

ஏப்ரல் 28, திங்கள்

ப்ளோயரைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் நடேசன் வாயைக் கிளறினான்.

"ஏப்பா அர்த்தநாரி, அந்தப் புள்ளைக்கு ஒரு போனைப் போட்டாத் தீந்து போகுது. மாட்டுனவளுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாதத எவளும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல."

"ஃபேனைப் பத்தித்தானப்பா கேக்கச் சொன்னேன். எதுக்கு இப்படி எகிர்ற?"

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் நம்பர் மனசுக்குள் ஓடியது. மாற்றியிருக்க மாட்டாள். எடுத்தால் என்ன கேட்பது? 'ஃபேன் சத்தம் போடுது' என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம். அவள் ஓசூரில் இருக்கிறாள் என்பது வரை தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. மயிலாவும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனால் என் பழைய வேட்டி ஒன்றையும் காணோம். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது நாலு இருந்தது. "பாத்திரக்காரிக்குப் போட்டுட்டேனுங்க," என்கிறாள். பாத்திரம் எங்கே என்றால், பால் பொங்குது என்று அடுப்படிக்கு ஓடுகிறாள். இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரு முழு பதில் கிடைப்பதில்லை.

மே 1, வியாழன்

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கல்லாவில் இருந்த பெண்ணிடம் போட்டோவைக் காட்டிப் புது ஃபேன் கேட்டேன். அவள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஃபேன் நல்லா இருக்குங்க அங்கிள். கறுப்பு பிளக்ல மாட்டியிருக்கீங்க. அது ஃபுல் ஸ்பீடு. பெட்டிலயே வெள்ளை பிளக் வெச்ச ஒயர் ஒண்ணு குடுத்திருப்பாங்க. அதப் போட்டா மெதுவா ஓடும், சத்தமே வராது. பாட்டு கேக்கறதுக்கு அது போதும்."

"மோட்டார்னா அதுக்குன்னு ஒரு வேகந்தானுங்களே?"

"இதுல நாம எப்படி வேணுங்குதோ அப்படி வெச்சுக்கலாங்க."

முப்பத்தொரு வருஷம் பம்போடு இருந்துவிட்டேன். ஓடும், இல்லை ஓடாது. நின்று போகும், இல்லை முழு வேகம். வேண்டுமென்றே ஒருத்தர் ஒரு ஃபேனைக் கத்த விடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே 3, சனி

கூலர் வந்த பெட்டியைத் தேட ஏணியை எடுத்தேன். மயிலா குறுக்கே வந்து நின்றாள். பரணில் பல்லி இருக்கிறது என்றாள். தேள் இருக்கிறது என்றாள். கடைசியில், "உளுந்துட்டா யாரு பாக்கறது?" என்று கோபமாகவே கேட்டாள். நான் ஏறிவிட்டேன்.

பெட்டி இருந்தது. அதற்குள் வெள்ளை பிளக் ஒயர். பிரிக்காத புது ஒயர் இல்லை. பல நாள் மாட்டியிருந்த மடிப்பு அப்படியே இருந்தது. கழற்றி, நாலாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள். வினு எந்த ஒயரையும் அப்படித்தான் சுற்றுவாள்.

ஆக, பேரிங் போகவில்லை. அவளேதான் வெள்ளையைக் கழற்றிக் கறுப்பை மாட்டியிருக்கிறாள். கழற்றிவிட்டு என்னிடம், 'பேரிங்தான் போல' என்றாள்!

"ஏன் இப்படிப் பண்ணுனா?" என்று மயிலாவைக் கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும்," என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளையை மாட்டினேன். கையை வைத்துப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்தது. ரூமில் சுவர்ப் பல்லி கத்துவது கேட்டது. இவ்வளவு பெரிய காரியம் முடித்திருக்கிறேன், இவள் ஒரு வார்த்தை நல்லது சொல்லவில்லை. இன்றைக்குத் தலைவலி என்று மூன்றரை மணிக்கு அந்த ரூமுக்கே போகவில்லை.

மே 5, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் ஹாலில் ஈஸி சேரில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று மயிலா நினைத்திருக்கிறாள். சின்ன ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் போட்டது தெரிந்தது. சத்தம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்புறம் வினுவின் குரல் கேட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இருபது மாதம் கழித்து. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

"ஏம்மா, ஃபேன் சத்தமே காணோம்? அப்பா வெளிய போயிட்டாங்களா?"

"உங்கொப்பா என்னமோ பண்ணி அதை நிறுத்திப்போட்டாரு. தூங்கறாரு. நீ மெல்லப் பேசு."

"ஐயோ, வெள்ளைய மாட்டிட்டாங்களா? நான் ஜெரால்டுகூடப் பேசறப்பெல்லாம் அந்தக் கறுப்பு பிளக்குத்தானம்மா என்னையக் காப்பாத்துச்சு. அப்பா காதுக்கு வேற எதுவும் தப்பாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மயிலா கேட்டாள், "ஏழு மாசம் முடியுதே சாமி. உன்ற மாமியா என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்குக் கட்டுச்சோறெல்லாம் பழக்கமில்லம்மா. ஆனா பக்கத்து வீட்டக்கா கேட்டாங்க, உங்கூர்ல அம்மா வீட்ல சோறாக்கிக் கொண்டாந்து கூட்டிட்டுப் போவாங்களாமேன்னு. எனக்கு யாரும்மா கொண்டு வருவாங்க? அப்பாகிட்ட எதும் கேக்காத. அவங்களுக்கு பிரஷர் ஏறும்."

மயிலா "மெல்ல, மெல்ல" என்றாள். அதற்குப் பிறகு குசுகுசு என்று மட்டும் கேட்டது. நான் பேப்பரை எடுக்கவில்லை. அது நனைந்துவிட்டது.

பாத்திரக்காரிக்குப் போன வேட்டிகள் எங்கே போயின என்று இப்போது தெரிகிறது. பிறக்கப் போகிற குழந்தைக்குத் துணி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் ஜெரால்டைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு நான் வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "இனி உன்ற சத்தம் இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது!" என்று கத்தினேன். அதற்கும் முன்னால் ஒரு வருஷமாக என் பெண் தன் குரலை என் காதில் படாமல் மறைத்துத்தான் குடியிருந்திருக்கிறாள். நான் ஹாலில் உட்கார்ந்து பேரிங், பேரிங் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் என்னிடம் பொய் சொல்ல என் தொழிலையே எடுத்துக்கொண்டார்கள். பேரிங் போச்சு, ஜாமாயிரும். நானும் தலையாட்டினேன். வேறு எதைச் சொன்னால் நான் காது கொடுத்திருப்பேன்?

மே 6, செவ்வாய்

மயிலா இன்று மூன்றரை மணிக்குச் சின்ன ரூமுக்குப் போகவில்லை. வத்தல் எடுக்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனாள். அக்னி நட்சத்திர வெயில். வத்தல் நேற்றே எடுத்தாகிவிட்டது. நாற்பது நிமிஷம் கழித்து முகமெல்லாம் சிவந்து வந்தாள். கையில் வத்தலும் இல்லை, முறமும் இல்லை.

மே 7, புதன்

இன்றும் மாடி. தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு போனாள்.

மே 8, வியாழன்

மூன்று நாளாக வீடு அமைதியாக இருக்கிறது. கடிகாரம் ஓடுவது கேட்கிறது. இந்த அமைதிக்காகத்தான் மூன்று வாரம் மெனக்கெட்டேன். உட்கார முடியவில்லை. இதே வீட்டுக்குள் அவள் குரல் தினமும் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. அதைத் துரத்தி மாடி வெயிலில் விட்டிருக்கிறேன். எனக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அது இந்த வீட்டுக்குள் இருக்கட்டும்.

மூன்று மணிக்கு மயிலா துணி மடித்துக்கொண்டிருந்தபோது ரூமுக்குப் போய் வெள்ளையைக் கழற்றிக் கறுப்பை மாட்டினேன். போட்டுவிட்டேன். "ஊஊ" என்று கத்தியது. வந்து ஈஸி சேரில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன்.

மயிலா துணியைப் போட்டுவிட்டு வந்தாள். ரூமைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க?"

"ஜாமாயிருமல்ல. ஓடட்டும். நீ போயி…" பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. ஒருக்களித்துத்தான் இருந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

மே 9, வெள்ளி

மூன்றே முக்காலுக்கு மயிலா போனைக் கையில் பிடித்தபடி ரூமிலிருந்து வெளியே வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நேத்து நடந்தத அவகிட்டச் சொல்லிட்டேனுங்க. நீங்களே கறுப்ப மாட்டி உட்டுட்டீங்கன்னு. நேத்திருந்து அழுதுட்டே இருக்கறா. அப்பா பக்கத்துல இருக்காங்களான்னு கேக்கறா. என்னன்னு சொல்லட்டும்?"

நான் எழுந்தேன். போனை வாங்கவில்லை. நேராக ரூமுக்குப் போனேன். நேற்று நொடியில் மாட்டிய பிளக், இன்றைக்கு வர மாட்டேன் என்றது. ஒருவழியாகக் கறுப்பைப் பிடுங்கி வெள்ளையைச் சொருகினேன். இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. அதன் பிறகுதான் போனை வாங்கினேன்.

காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது.

"அப்பா?"

"ம்."

"ஃபேன் சத்தம் நின்னு போச்சுங்களா?"

"பேரிங் நல்லாத்தான் இருக்குது. பொய் சொல்லிப்போட்டயே சாமி."

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. பிறகு மெதுவாக, "அந்தச் சத்தம் இல்லீன்னா நான் பேசறது உங்களுக்குக் கேட்டுருமேங்கப்பா," என்றாள்.

"கேக்கோணும்னுதான் சாமி நிறுத்துனேன்."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. மயிலா வந்து என் கையிலிருந்து வாங்கி, "அழாத, வவுத்துப் புள்ளைக்கு ஆகாது," என்று அவளை அதட்டிவிட்டு, அதே மூச்சில் என்னையும் அதட்டினாள். பிறகு காலண்டரைப் புரட்டியபடி கட்டுச்சோற்றுக்கு நாள் பார்க்க உட்கார்ந்தாள்.

மே 12, திங்கள்

ஜெரால்டு பேசினான். என்னை 'மாமா' என்று கூப்பிட்டான். 'ம்' என்றேன். பிறகு அது போதாது என்று தோன்றி, வீட்டுக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று கேட்டேன். ஓசூர் வரை வழி எனக்கே தெரியும். அவன் பத்து நிமிஷம் பொறுமையாகச் சொன்னான்.

மே 18, ஞாயிறு

விடிந்துவிட்டது. அடுப்படியில் புளிச்சோறும் தக்காளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் தூக்குப்போசிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. தயிர்ச்சோற்றில் மாதுளம்பழம் போட வேண்டும் என்று நான்தான் சொன்னேன், வினுவுக்குப் பிடிக்கும். மயிலாவின் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். சேலம் போய் ஓசூர் போக அஞ்சு மணி நேரம். சாயங்காலத்துக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

சின்ன ரூமைக் கழுவி, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். வெள்ளை பிளக், சத்தம் இல்லை.

கறுப்பு பிளக் ஒயரைப் பரணில் போடலாம் என்று எடுத்தேன், மனசு வரவில்லை. நாலாகச் சுற்றி, அவள் செய்கிற மாதிரியே ரப்பர் பேண்டு போட்டு, அவள் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். அவளும் அவனும் ஏதாவது பேசுவார்கள், எல்லாமே நான் கேட்க வேண்டியதாக இருக்காது. வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளட்டும். ஹாலில் உட்கார்ந்து பேரிங் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

வேன் வந்துவிட்டது. மயிலா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.